ஸ்நேர் கொஞ்சம் பிந்தி விழட்டும்

1965இல் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோவில் பாடகர் வில்சன் பிக்கெட்டுக்கு ஒரு பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, அப்போது இளைஞர்களிடம் பரவியிருந்த 'ஜெர்க்' நடனத்தை ஆடிக் காட்டினார். உடம்பு வெட்டி இழுப்பது இரண்டாவது அடியில், அழுத்தம் அங்கேதான் வேண்டும் என்றார். டிரம்மர் அல் ஜாக்சனும் கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் உடனே பிடித்துக்கொண்டார்கள். நான்கு அடிச் சுற்றில் இரண்டிலும் நான்கிலும் விழும் ஸ்நேர் (கணீரென்று வெட்டும் சிறு டிரம்) அடியை மயிரிழை தள்ளிப் போட்டார்கள். டெம்போ குறையவில்லை, பாட்டு மட்டும் சாய்ந்து நடக்க ஆரம்பித்தது. கறுப்பின அமெரிக்கர்களின் இந்த இசைக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ், சுருக்கமாக ஆர் அண்ட் பி, என்ற பெயரை 1949இல் பில்போர்டு பத்திரிகையின் பட்டியலுக்குக் கொடுத்தவரும் இதே வெக்ஸ்லர்தான். அதற்கு முன் அந்தப் பட்டியலின் தலைப்பு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'.

அந்த மயிரிழைக்காகத்தான் ஜனங்கள் இன்று மறுபடியும் ஆர் அண்ட் பி கேட்க அரங்குக்கு வருகிறார்கள். பழைய பாட்டு மீதான ஏக்கம் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏக்கம் தீர கைப்பேசியில் இருக்கும் பதிவே போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில், ஒரே அளவு சாய்ந்து வாசிப்பதை மட்டும் கைப்பேசியில் கேட்க முடியாது. ஆகவே இந்த இசையின் மீட்சி என்பது முதலில் வாத்தியக்காரர்கள் பற்றிய விஷயம், பாடகர் அதற்கு அடுத்துதான்.

இந்த இசை பிறந்ததே மேடைக்குத்தான். ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபரில் ஹார்லெமின் அப்போலோ அரங்கில் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய நினைத்தபோது, அவர் தட்டுகளை வெளியிட்ட கிங் நிறுவனத்தின் சிட் நேதன் காசு தர மறுத்தார். மேடைப் பதிவை யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. பிரவுன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1963இல் வெளியான அந்தத் தட்டு பில்போர்டு பட்டியலில் 66 வாரம் நின்றது. எழுபதுகளின் கடைசியில் டிஸ்கோவும், பிறகு டிரம் மெஷினும் வந்தபோது பத்துப் பேர் கொண்ட குழுவுக்குச் சம்பளம் கொடுப்பது வீண் செலவாகத் தோன்றியது. 1975இல் ஸ்டாக்ஸ் நிறுவனமே மூடப்பட்டுவிட்டது.

திரும்பி வந்த பாதையும் மேடை வழிதான். இத்தாலியின் போரெட்டா தெர்மே என்ற சிற்றூரில் 1988 முதல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் நினைவாக சோல் (ஆர் அண்ட் பியிலிருந்து வளர்ந்த இசை) விழா நடக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் 2002இல் தொடங்கிய பாண்டெரோசா ஸ்டாம்ப் விழா, மறக்கப்பட்ட பாடகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் தேடிப்பிடித்து மேடையேற்றியது. புரூக்ளினில் டாப்டோன் இசைத்தட்டு நிறுவனம் டேப்பில் பதிவு செய்தது. அதைவிட முக்கியமாக, டாப்-கிங்ஸ் என்ற ஒரே குழுவை ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக வாசிக்க வைத்தது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்த ஷாரன் ஜோன்ஸ் அவர்களோடு முதல் ஆல்பம் போட்டபோது வயது 45ஐத் தாண்டியிருந்தது. ஜேம்ஸ் பிரவுன் வேடம் கட்டிப் பிழைத்த சார்லஸ் பிராட்லியின் முதல் ஆல்பம் 2011இல் வந்தது. அவருக்கு அப்போது 62. பாடகி ஏமி வைன்ஹவுஸின் 2006 ஆல்பத்தில் பல பாடல்களில் கேட்கும் குழுவும் இதே டாப்-கிங்ஸ்தான்.

பிறகு 2008இல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், தன் அலுவலக மேசை ஒன்றின் பின்னால் 'டைனி டெஸ்க்' கச்சேரிகளை ஆரம்பித்தது. அங்கே பாடகர் குரலுக்கு அறையில் ஸ்பீக்கர் கிடையாது, மானிட்டரும் (மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) கிடையாது. குரல் கேட்க வேண்டுமென்றால் டிரம்மர் கையை அடக்கியே ஆக வேண்டும். ஆர் அண்ட் பி பாடகர்கள் அந்த மேசைக்குப் பின்னால் அவ்வளவு நன்றாக ஒலிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கட்டுப்பாடு என்பேன்.

சரி, இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்த என்ன வேண்டும்?

முதலில் ஆட்கள். டிரம்ஸ், பேஸ் (கீழ்ச்சுர கிட்டார்), ஒரு கிட்டார், ஆர்கனும் பியானோவும் பார்த்துக்கொள்ள ஒருவர், டிரம்பெட், டெனர் சாக்ஸபோன், அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் பாரிட்டோன் சாக்ஸபோன் அல்லது டிராம்போன், பாடகர், பின்குரலுக்கு இருவர் என்றால் பத்துப் பேர். பணம் போதாவிட்டால் முதலில் குறைக்க வேண்டியது மூன்றாவது ஊதுகருவியை. மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ் என்று பேர் வாங்கிய வெய்ன் ஜாக்சனும் ஆண்ட்ரூ லவ்வும் ஒரு டிரம்பெட், ஒரு டெனர், அவ்வளவுதான். இரண்டே பேர் என்றால் கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் அவர்கள் கையில் இருந்தால் போதும், அடிச்சுரத்தை பேஸ் பார்த்துக்கொள்ளும். அடுத்து, பின்குரலில் ஒருவரைக் குறைத்து அந்த வரியை கிட்டார்காரரைப் பாடச் சொல்லலாம். ஆர்கன்காரரைக் குறைத்தால் மட்டும் பாட்டுக்கு அடியில் தரையே இல்லாமல் போய்விடும்.

ஒத்திகையின் முதல் நாளில் டிரம்மரும் பேஸ்காரரும் மட்டும் வந்தால் போதும். பாட்டின் டெம்போ நிமிடத்துக்கு 112 அடி என்றால் மெட்ரோனோமை (சீராக டிக் அடிக்கும் கருவி) 56இல் வைத்து, அது அடிக்கும் டிக்கை இரண்டு, நான்கு என்று எண்ணி வாசிக்க வேண்டும். ஆரம்பத்தில் அரை நிமிடம் கூடத் தாக்குப்பிடிக்காமல் டிக் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நழுவிவிடும். அது நழுவாமல் நான்கு நிமிடம் ஓடுமளவுக்கு வந்த பிறகுதான் ஸ்நேரைப் பின்னால் தள்ளும் வேலை. இங்கே நடக்கும் பெரிய தவறு, 'பின்தங்கி வாசி' என்றதும் எல்லோரும் பின்தங்குவது. எல்லோரும் பின்தங்கினால் அதற்குப் பெயர் மெதுவான பாட்டு. ஹை-ஹாட்டும் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸும் கோட்டில் நிற்க வேண்டும். ஸ்நேரும் அதோடு சேர்ந்து வெட்டும் கிட்டாரும் மட்டும் பின்னால் விழ வேண்டும். 10 முதல் 20 மில்லிநொடி போதும். 30ஐத் தாண்டினால் தவறி விழுந்த அடி மாதிரி கேட்கும். ஒத்திகையைப் பதிவு செய்து, கணினித் திரையில் ஹை-ஹாட் அலையையும் ஸ்நேர் அலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை மேடையின் அளவு கெடுத்துவிடும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. டிரம்ஸிலிருந்து 7 மீட்டர் தள்ளி நிற்கும் ஊதுகருவிக்காரருக்கு ஸ்நேர் 20 மில்லிநொடி தாமதமாகக் கேட்கும். வேண்டுமென்று வைத்த தாமதத்தின் மேல் வேண்டாத தாமதம் ஏறிக்கொள்கிறது. அவர் தான் கேட்ட இடத்தில் சரியாக ஊதுவார், அரங்கத்துக்கு அது பிந்திப் போகும். பெரிய விழா மேடையில் நல்ல குழுகூட 'ஏதோ ஒட்டவில்லை' என்று தோன்ற வைப்பது பெரும்பாலும் இதனால்தான். மேடை 15 மீட்டர் அகலம் இருந்தாலும் குழு நடுவில் நெருங்கி நிற்கட்டும். பேஸ் ஆம்ப் டிரம்மரின் ஹை-ஹாட் பக்கம், ஊதுகருவிகள் மறுபக்கம் மூன்று மீட்டருக்குள். டிரம்ஸை உயரமான பலகையில் ஏற்றிக் கடைசியில் தள்ளுவது படம் எடுக்க அழகு, வாசிக்க இடைஞ்சல். காதுக்குள் மாட்டும் மானிட்டர் இந்தத் தூரக் கணக்கைத் தீர்த்துவிடும், ஆனால் கூட்டத்தின் சத்தத்தை அடைத்துவிடும். இந்த இசையில் பாடகருக்குக் கூட்டம் பதில் சொல்ல வேண்டும்; தேவாலயத்திலிருந்து வந்த பழக்கம் அது. காதுக்கருவிதான் வேண்டுமென்றால் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து அதையும் காதுக்குள் கலந்து கொடுக்க வேண்டும்.

டெம்போ ஏறுவது இன்னொரு வியாதி. ஒத்திகையில் 104 ஆக இருந்த பாட்டு மேடையில் கைதட்டல் சூட்டில் 112க்கு ஓடும். பாடகர் சொற்களை விழுங்க ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி. டிரம்மர் பக்கத்தில் ஒலியில்லாமல் விளக்கு மட்டும் மினுக்கும் மெட்ரோனோம் ஒன்றை வைத்து, எண்ணிக்கை கொடுக்கும் முன் இரண்டு சுற்று பார்த்துக்கொண்டால் போதும். பாட்டு முழுவதும் காதில் கிளிக் ஓட விடுவதும், கணினியிலிருந்து பின்னணி ஓட விடுவதும் இங்கே வேண்டாம். பாடகர் ஒரே கார்டில் கூட்டத்தோடு பேசிக்கொண்டு நிற்கும் அந்தக் கடைசிப் பகுதி, வேம்ப் என்பார்கள், இன்று இரண்டு நிமிடம் போகும், நாளை ஆறு நிமிடம் போகும். கணினிக்கு அது தெரியாது.

பேஸ் ஒலி பற்றி. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டையாகச் சுற்றிய கம்பிகளைத்தான் போட்டார், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கடியில் நுரைத்துண்டு வைத்தார், ஒரே சுட்டுவிரலால் வாசித்தார். நுரைத்துண்டுக்குக் காசு கிட்டத்தட்ட கிடையாது, பலன் அபாரம். சுரம் எழும், ஒரு கணம் நிற்கும், மடங்கிவிடும். ஸ்நேருக்கு இடம் கிடைக்கும். மேடையில் பளபளக்கும் புதுக்கம்பியோடு வருபவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கீழ்ப்பகுதி கூழாகிவிடும். ஸ்நேரிலும் இதே அடக்கம் வேண்டும்: தோலின் ஓரத்தில் மடித்த துணி ஒன்று போதும். ஒலிப்பொறியாளர் ராக் கச்சேரிகளிலிருந்து வந்தவர் என்றால் கிக்கை நெஞ்சில் இடிப்பதுபோல் ஏற்றுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: இங்கே பேஸ் கிட்டாரும் ஸ்நேரும் முன்னால், கிக் அதற்குக் கீழே.

ஆர்கனுக்கு வருவோம், பாதித் தலைவலி அங்கேதான். ஹாமண்ட் பி-3 என்ற மின் ஆர்கன் பெடலும் பெஞ்சும் சேர்த்து 190 கிலோ அளவுக்கு இருக்கும். தூக்க நான்கு பேர். கிளப்பும் முறை தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாது: 'ஸ்டார்ட்' சுவிட்சை எட்டு நொடி பிடித்து, அதை விடாமலே 'ரன்' சுவிட்சைப் போட்டு, இன்னும் நான்கு நொடி கழித்து ஸ்டார்ட்டை விட வேண்டும். உள்ளே சுழலும் பல்சக்கரங்களை ஓட்டுவது மின்சாரத்தின் அலைவெண்ணோடு கட்டிப்போட்ட மோட்டார். ஆகவே 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்ததை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் செருகினால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று மேலாக இறங்கிவிடும். வோல்டேஜ் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிரான்ஸ்ஃபார்மர் அலைவெண்ணை மாற்றாது. அதற்குத் தனி அலைவெண் மாற்றி வேண்டும். திறந்தவெளியில் ஜெனரேட்டர் தடுமாறினால் ஆர்கனின் சுருதியும் கூடவே தடுமாறும்.

இத்தனை சங்கடம் வேண்டாம் என்று இப்போது டிஜிட்டல் ஆர்கன் கொண்டு வருகிறார்கள், தப்பில்லை. பணம் இருந்தால் அதை ஒரு நிஜமான லெஸ்லி ஸ்பீக்கரோடு (உள்ளே கொம்பும் உருளையும் சுழன்று ஒலியை அசைக்கும் பெட்டி) இணைக்கலாம். லெஸ்லியின் மேல் கொம்பு மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, வேகமாகப் போட்டால் 400 சுற்று அளவில் ஓடும். மேலே கொம்பு சட்டென வேகம் பிடிக்கும், கீழே இருக்கும் உருளை சில நொடி எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் உடம்பு சிலிர்க்கிறது. மேலே எதிரெதிராக இரண்டு மைக், கீழே ஒன்று. ஒரு சாண் தூரத்துக்கும் நெருங்கினால் சுழலும் காற்று மைக்கில் அடிக்கும்.

கிட்டார் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைவாக வாசிக்க வேண்டும், டிஸ்டார்ஷன் பெடலை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். தனி வாசிப்பு பன்னிரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடிச் சுற்று) இருந்தால் போதும்.

ஊதுகருவிகளில் முதல் பிரச்சினை சுருதி. கிட்டாருக்கு ஈ மேஜர் சொகுசு. டிரம்பெட்டும் டெனரும் பி ஃபிளாட் கருவிகள், அதாவது தாளில் சி என்று இருப்பதை வாசித்தால் பி ஃபிளாட் ஒலிக்கும் என்பதால் அதே பாட்டை அவர்கள் எஃப் ஷார்ப்பில், ஆறு ஷார்ப்போடு (அரைச்சுரம் ஏற்றும் குறி) படிக்க வேண்டும். பாரிட்டோன்காரருக்கு சி ஷார்ப், ஏழு ஷார்ப். பாடகரின் குரல் தாங்குமென்றால் அரைச்சுரம் ஏற்றி எஃபுக்கோ, இறக்கி ஈ ஃபிளாட்டுக்கோ கொண்டுபோனால் ஊதுபவர்களின் முகமே மாறிவிடும். பழைய பதிவை வைத்துச் சுருதி கண்டுபிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: டேப் வேகத்தை மாற்றியதால் சில பதிவுகள் இரண்டு சுருதிக்கு நடுவில் தொங்கும்.

இரண்டாவது பிரச்சினை வெப்பம். கூட்டம் நிறைந்து அரங்கம் சூடானால் ஊதுகருவிகளின் சுருதி ஏறும், கம்பிக்கருவிகளின் சுருதி இறங்கும். கணக்குப்படி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 3 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை; ஊதுபவரின் மூச்சே வெதுவெதுப்பானது என்பதால் நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எட்டு டிகிரி ஏறினால் காதுக்கு நன்றாகவே தெரியும். சுருதி மாறாமல் நிற்பது ஆர்கன் ஒன்றுதான். ஆகவே மூன்று பாட்டுக்கு ஒருமுறை ஆர்கன்காரர் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாடகர் பேசும் சாக்கில் மற்றவர்கள் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஊதி நிறுத்துவது. எல்லோரும் ஒன்றாக ஆரம்பிப்பார்கள், யாரும் ஒன்றாக முடிப்பதில்லை. நீளச் சுரம் ஒவ்வொன்றும் எந்த அடியில் அறுபட வேண்டும் என்று தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. 'நான்காவது அடியின் மேல் நிறுத்து' என்பது மாதிரி.

மூத்த பாடகர்களை அழைக்கும் நிகழ்ச்சிகளில் வேறு கணக்குகள் உண்டு. எழுபதைத் தாண்டிய குரலுக்குப் பாட்டைப் பெரும்பாலும் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டியிருக்கும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி ஊதுகருவித் தாள்களையும் அதே அளவு இறக்கினால் டிரம்பெட் மங்கிவிடும், பாரிட்டோன் தரையில் உரசும். டிரம்பெட் வரியை மட்டும் கார்டின் அடுத்த சுரத்துக்கு மேலே ஏற்றி, ஊதுகருவிகளுக்குள் சுரங்களை மறுபடி பங்கிட்டு எழுத வேண்டும். அவருக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழு இரண்டு வாத்தியப் பாட்டு வாசித்து அரங்கைச் சூடாக்கிய பிறகு அவர் வரட்டும், மேடையில் ஒரு நாற்காலி இருக்கட்டும். மானிட்டரில் அவருக்கு அவர் குரல், ஆர்கன், ஸ்நேர் மட்டும் போதும்.

செலவுக்கு ஏற்ற வடிவம் ரெவ்யூ, அதாவது ஒரே குழுவுக்கு முன்னால் பாடகர்கள் மாறி மாறி வருவது. 1967 வசந்தத்தில் ஸ்டாக்ஸ் குழு ஐரோப்பா போனபோது ஓடிஸ் ரெட்டிங், சாம் அண்ட் டேவ், கார்லா தாமஸ், எடி ஃபிளாய்ட் எல்லோருக்கும் பின்னால் வாசித்தது புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸும் மார்-கீஸும்தான். ஒரே குழு, ஐந்து பாடகர்கள், ஆளுக்கு நான்கு பாட்டு. மொத்தம் இருபது தாள்கள், இரண்டு நாள் ஒத்திகை, பாடகர் மாறும்போது மேடையில் ஒரு ஒயர் கூட மாற வேண்டாம்.

ஒத்திகையில் பலரும் மறப்பது முடிவு. அறுபதுகளின் பதிவுகளில் நிறையப் பாட்டுகள் ஒலி மங்கித்தான் முடியும். மேடையில் அப்படி முடிக்க முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முடிவு செய்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு சைகையும் வேண்டும். மூடிய முட்டி என்றால் இரண்டு பார் கழித்து நிறுத்தம், தலையில் தட்டினால் மறுபடி பல்லவி, என்பது மாதிரி. சைகை கொடுப்பவர் ஒருவர்தான். ஜேம்ஸ் பிரவுன் சைகையைத் தவறவிட்டவருக்கு மேடையிலேயே விரல் காட்டி அபராதம் போட்டார். அபராதம் வேண்டாம், கண் மட்டும் தலைவர் மேல் இருக்கட்டும். அதனால்தான் தாளைப் பார்த்து வாசிக்கும் குழுவுக்கு வேம்ப் வராது. கடைசிப் பக்கமாவது மனப்பாடமாக வேண்டும்.

அரங்கில் முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு ஆட இடம் விடுங்கள். அடி பிந்தி விழுவது உடம்புக்குப் புரிவது நிற்கும்போதுதான். சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். சின்ன அரங்கில் ஸ்நேரும் டிரம்பெட்டும் மைக் இல்லாமலே அதன் பக்கத்தில் போய்விடும், எனவே அடக்கம் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாகப் பெயரும் பணமும். பழைய குரல் குழுக்களின் பெயரில், அசல் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல், பல போலிக் குழுக்கள் சுற்றியதால் அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் 'ட்ரூத் இன் மியூசிக்' சட்டம் கொண்டு வந்தன. அசல் பதிவில் இருந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும், அல்லது பெயருக்கு உரிமை இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் இது அஞ்சலி நிகழ்ச்சி என்று விளம்பரத்தில் சொல்ல வேண்டும். அட்லாண்டிக்கின் முதல் பெரிய நட்சத்திரமான ரூத் பிரவுன் பின்னாளில் வீட்டு வேலை செய்து பிழைத்தார். ராயல்டிக்காக அவர் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் பலனாகத்தான் 1988இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் உருவானது. ஆகவே ஒப்பந்தத்தில் மேடை நாளுக்கும் ஒத்திகை நாளுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதுங்கள். பாதியை முன்பணமாகக் கொடுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் பாடகருக்கு எத்தனை பங்கு, பின்னால் வாசிக்கும் ஏழு பேருக்கு எத்தனை பங்கு என்பதை சவுண்ட் செக்குக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.